இடது புருவத்தின் கீழே

"மேல ஒரு கை, கீழ ஒரு கை. இறுக்கிப் பிடி. நான் சொல்லுகது வரைக்கும் விட்டுராத."

என் மகள் ஷீபா இதைச் சொன்னபோது நான் அவளுடைய கடையின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். ஒரு கை நெற்றித் தோலை மேலே இழுத்துப் பிடித்திருந்தது. இன்னொரு கை இமையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருவ முடி எடுக்க உட்கார்ந்திருந்தேன்.

நூலின் ஒரு முனை அவள் பல்லில் இருந்தது. மற்ற முனை விரல்களில். பவுடர் வாசனையும் கற்றாழை ஜெல்லின் பச்சை வாசனையும் கலந்து வந்தன. கீழே ஸ்டேஷனரி கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் விட்டு விட்டு முனகியது. நூல் புருவத்தின் ஓரமாக நடந்து போகும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதி வந்தவை எல்லாம் பழையவை. மாற்றலாகிப் போன பள்ளிக்கூடங்கள், மழையில் நனைந்த விடைத்தாள்கள், அப்படி. இது பழையது அல்ல. எழுதும்போதே விரல் இடது புருவத்துக்குப் போகிறது. தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

பெஞ்சில் மூன்று பேர்

அன்று நான் தனியாகப் போகவில்லை. எங்கள் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து மூன்று பேர் கூட வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ரெத்தினபாய் அக்கா. அறுபதைத் தாண்டியவர். அவருக்குத் தெரிந்த செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்கே தெரிந்துவிடும்.

"டீச்சர் இருந்தா நானும் இருப்பேன். டீச்சர் இருக்கல்லன்னா எனக்கு இந்த வயசில என்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று படியேறும்போதே சொல்லிவிட்டார்.

ஷீபா கடை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பி.காம். முடித்தவள். வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நாகர்கோவிலில் அழகுக்கலைப் படிப்பில் சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள். "டீச்சருக்க மோள் முடி எடுக்கவா போறா?" என்று சபையில் கேட்டார்கள். நானும் அதையேதான் வீட்டில் கேட்டேன், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். திங்கள்சந்தை போகும் சாலையில் மாடியில் அவள் கடை போட்டபோது ஜெபத்துக்கு மட்டும் போனேன். அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அதனால் அன்று நான் போய் உட்கார்ந்தது அவளுக்குச் சாதாரண விஷயம் அல்ல. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். புது நூல்கண்டைப் பிரித்தாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் உட்கார்ந்தாலும் முதலில் நாலு கேள்வி கேட்பாள். சர்க்கரை உண்டா? ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா? கண்ணில் ஆபரேஷன் எதுவும் செய்ததுண்டா? முகத்துக்கு க்ரீம் போடுகிறீர்களா? நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் கட்டாயம் கேட்பாள்.

"நாப்பது கழிஞ்சா தோலு தானா இழுத்துப் பிடிக்காது ஆன்ட்டி. நாமதான் பிடிக்கணும்" என்று பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவள் விளக்கியது எனக்கே புதிதாக இருந்தது. "வயசானா புருவ வாலில முடி கொறையும். அந்த எடத்தில நான் நூல் வைக்க மாட்டேன். எடுத்தா பெறவு மொளைக்காம போயிரும். அடியில கெடக்கதை மட்டும்தான் எடுப்பேன்."

"கேட்டீங்களா டீச்சரே, உங்க மோள் டாக்டரு மாதிரி பேசுகா" என்றார் ரெத்தினபாய் அக்கா.

பிறகு ஷீபா என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "மேடம், முகத்துக்கு க்ரீம் ஏதாவது?"

"தேங்காய் எண்ணெய் தவிர இந்த மொகம் ஒண்ணையும் கண்டதில்ல" என்றேன்.

பெஞ்சில் சிரிப்பு. "டீச்சருக்க மொகம் ஆண்டவர் குடுத்தது மாதிரியே இருக்கும் பிள்ளே. அதில என்ன சந்தேகம்?" என்றார் அக்கா.

நான் சொன்னது பொய். எட்டு மாதமாக நான் ஒரு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வலது புருவம் ஒழுங்காக முடிந்தது. இடது புருவத்தின் அடியில் மூன்றாவதோ நான்காவதோ இழுப்பில் எனக்கு வலி தெரியவில்லை. ஈரம்தான் தெரிந்தது. அவித்த சேப்பங்கிழங்கின் தோல் விரலோடு கூடவே வருமே, அப்படி வந்திருக்கிறது. நூல் என் கன்னத்தில் விழுந்தது.

"அம்மா" என்றாள் ஷீபா. சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஓ எளவே, தோலு வந்துட்டே!" என்று எழுந்தார் ரெத்தினபாய் அக்கா.

கன்னத்தில் இரண்டு கரைகள்

க்ரீம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டம் கிழக்கே பார்த்து நடக்கும். பிள்ளைகள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வெயிலுக்கு முகத்தைக் காட்டி நிற்போம். இருபத்தைந்து வருடம் அப்படி நின்றதில் என் இரண்டு கன்னத்திலும் மங்கு என்கிற கருந்திட்டு படர்ந்தது. முதலில் மூக்குக்குப் பக்கத்தில் தூசு மாதிரி. பிறகு தண்ணீர் வற்றிய குளத்தின் கரை மாதிரி.

பிரிவு உபசாரப் புகைப்படம் ஒன்றில் என்னைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, "டீச்சர், அடுப்புக் கரி ஒட்டியிருக்கு போல" என்று படத்தைத் துடைத்தாள். அவள் மீது குற்றம் இல்லை. உண்மையிலேயே கரி என்று நினைத்துவிட்டாள்.

அந்த வாரமே மருந்துக்கடைக்குப் போனேன். எங்கள் ஊர்க் கடை அல்ல. தக்கலையில், என்னைத் தெரியாத கடை. "மங்குக்கு ஏதாவது" என்றேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. "உங்களுக்கா?" என்று மட்டும் கேட்டார். "சொந்தக்காரப் பொண்ணுக்கு" என்றேன். பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

விரல் நீளத்துக்கு ஒரு ட்யூப். படுக்கும் முன் ஒரு பட்டாணி அளவு. இரண்டு வாரத்தில் கரை மங்கியது. இரண்டு மாதத்தில் முகமே ஒரு மாதிரி மினுங்கியது. பள்ளியில் கேட்டார்கள். "தண்ணி நெறையக் குடிக்கேன்" என்றேன். ட்யூபைத் தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் வைத்திருந்தேன். ஷீபா தைக்க மாட்டாள்.

அப்புறம் முடி வந்தது. கன்னத்தில், நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில் மெல்லிய பூனை முடி. இமைக்கு மேலே திட்டுத் திட்டாக. மாதவிலக்கு நிற்கிற வயது, இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த முடியை எடுக்கத்தான் மகளின் நாற்காலிக்குப் போனேன். அவளை ஏற்றுக்கொண்டதைக் காட்டப் போனேன் என்று சபையில் நினைத்தார்கள். ஷீபாவும் அப்படித்தான் நினைத்தாள். அதுவும் உண்மைதான், ஆனால் முழுவதும் அல்ல.

விமலாவின் புருவம்

ஒரு க்ரீம் போடுவதை ஏன் இப்படி ஒளிக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். அதற்கு ரொம்பப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சி விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் விமலா என்று ஒருத்தி இருந்தாள். ஒரு விடுமுறை நாளில் தையல் நூலை வைத்து, கைக்கண்ணாடியைப் பார்த்து, தன் புருவத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். கோணலாகத்தான் வந்தது. ஒன்று வில் மாதிரி, ஒன்று கொக்கி மாதிரி. ஆனாலும் அவள் முகத்துக்கு ஏதோ ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் "புருவம் எடுத்தவள்" என்றால் அது ஒரு வசவு. அறைத் தலைவி நான். வார்டனிடம் சொன்னது நான்தான். விமலாவை ஜெப அறையில் முழந்தாளில் நிற்க வைத்தார்கள். புருவம் பழையபடி வளரும்வரை ஊருக்குப் போகக்கூடாது என்றார்கள். ஒரு புருவத்தின் வால் பிறகு வளரவே இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "நீ நல்ல டீச்சராவ" என்று மட்டும் சொன்னாள்.

ஆனேன். பெண்கள் சங்கத்தில் பேசச் சொன்னால் எளிமையைப் பற்றித்தான் பேசுவேன். கொடுத்த முகத்தைத் திருத்துகிறவள் கொடுத்தவரையே குறை சொல்கிறாள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். ரெத்தினபாய் அக்கா அதை ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப் பேசியவள் தையல் மெஷினுக்குள் ட்யூப் வைத்திருக்கிறாள் என்பதை அவர் முன்னால், அந்த பெஞ்சின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரின் பூதக்கண்ணாடி

நாகர்கோவிலில் தோல் டாக்டரிடம் ஷீபாதான் கூட்டிப் போனாள். பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கைப்பையைத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் வயதான பெண்மணி. புண்ணுக்குப் போடும் களிம்பும் பஞ்சும் வாங்க ஷீபாவை அனுப்பிவிட்டு, பூதக்கண்ணாடியால் என் புண்ணைப் பார்த்தார். பிறகு புண்ணை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பார்த்தார். "இந்தச் சிவப்புக் கோடெல்லாம் எப்போதிருந்து?" என்றார். எனக்குத் தெரியாது. வீட்டுக் கண்ணாடியில் அவை தெரிந்ததில்லை.

"என்ன க்ரீம் போடுறீங்க?"

போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. நான் பெயரைச் சொன்னேன். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வயசானா தோல் மெலியும். அது எல்லாருக்கும் உள்ளது. புருவத்துக்கு அடியில ஏற்கெனவே மெல்லிசு, அங்க இன்னும் மெலியும். ஆனா நீங்க போட்டதில ஸ்டீராய்டு இருக்கு. அது போட்டுப் போட்டு, தோல் காகிதம் மாதிரி ஆயிட்டு. முடி வந்ததும் அதனாலதான். உங்க மகள் நூலை வைக்காம துண்டால அழுத்தித் துடைச்சிருந்தாகூட உரிஞ்சிருக்கும்." எழுதிக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லுகேன்" என்றேன்.

"இன்னைக்கே சொல்லுங்க. வாசல்ல நிக்கும்போது தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னுது அது."

வெளியே வந்தேன். ஷீபா மருந்துப் பொட்டலத்தோடு நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"வயசாயிட்டாம். தோலு மெலிஞ்சு போச்சாம்."

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதில் முதல் வரி. மீதியை நான் விழுங்கிவிட்டேன்.

"வயசானது எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "தெரிஞ்சுதானே மெதுவா எடுத்தேன். நான்தான் எங்கயோ அழுத்திட்டேன்."

ஒன்பது நாள்

அவள் கடையைத் திறக்கவில்லை.

அவளுடைய அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். போனில் "கண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, "பிள்ளைய ஒண்ணும் சொல்லாத" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புண்ணில் துணி ஒட்டிக்கொண்டு போனேன். ரெத்தினபாய் அக்காவுக்கு என் மேல் உண்மையான இரக்கம். "பெத்த தாய்க்க கண்ணையே பொளிச்சுப் போட்டாளே. மற்றவங்க கண்ணு என்னத்துக்காகும்?" என்று கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "கர்த்தர் சுகம் தருவாரு டீச்சரே" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. காயம் ஆறட்டும், முதலில் ஷீபாவிடம் சொல்வோம், அப்புறம் இவர்களிடம் என்று எனக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். வரிசையின் முதல் ஆளிடமே நான் போகவில்லை.

ஒரு வேலை மட்டும் ஷீபாவின் கையில் இருந்தது. கடியப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். ஜெனிட்டா என்று ஒரு பெண். படகு வைத்திருக்கும் குடும்பம். மணப்பெண் அலங்காரம் முழுவதும் ஷீபாவுக்கு. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய கல்யாணம். தலையில் வைக்கும் கிரீடமும், வலைத்துணி முக்காடான நெட்டும்கூட அளவு பார்ப்பதற்காக எங்கள் வீட்டில்தான் இருந்தன.

அந்தப் பெண்ணின் அம்மா பிலோமினாவின் போன் வந்தது. ஷீபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேற ஆளு பாத்தாச்சு பிள்ளே. மனசில வச்சுக்காத. கல்யாணப் பொண்ணுக்க மொகம் இல்லியா, பயமா இருக்கு."

"செரி ஆன்ட்டி" என்றாள் ஷீபா. "கிரீடத்த நான் கொண்டு தாறேன்."

மறுநாள் காலை அவள் கொல்லைப்புறக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நைட்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். கெண்டைக்காலில் வரி வரியாகச் சிவப்பு. சில இடங்களில் பொருக்கு தட்டியிருந்தது.

"என்னட்டி இது?"

"நூலு" என்றாள். துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை. "கை எங்க தப்பிச்சுன்னு பாக்கேன். ஒரே எடத்தில பத்து தடவ, இருபது தடவ இழுத்துப் பாத்தேன். அழுத்தியும் பாத்தேன். செவக்குது, கீறுது. ஆனா உரியல்லம்மா. ஒரு தடவகூட உரியல்ல. அப்ப உனக்கு மட்டும் ஏன் உரிஞ்சு?"

உள்ளே போய்த் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். ட்யூபைக் கொண்டுவந்து துவைக்கும் கல்லின்மேல் வைத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். எழுத்து பொடி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு மருந்துப் பெயராக வாசித்தாள். கடைசிப் பெயரில் நின்றாள்.

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம்."

"நான் கேட்டேன்லா?"

"கேட்ட."

"எத்தன தடவ கேட்டேன்?"

"ஒரு தடவ."

"ரெண்டு தடவ. நாற்காலியச் சாய்க்கும்போது காதுக்குப் பக்கத்தில மெதுவா இன்னொரு தடவ கேட்டேன். அவிய எல்லாரும் இருக்காவளேன்னுதான் மெதுவா கேட்டேன். நீ இல்லன்னு தலையாட்டுன."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அவள் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"சொன்னேன்."

"அன்னைக்கேயா?"

"அன்னைக்கே."

அவள் குழாயை மூடினாள். "டாக்டர்ட்ட சொல்லதுக்கு ஒரு நிமிசம். எனக்கிட்ட சொல்லதுக்கு ஒம்பது நாளு" என்றாள். குரல் உயரவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடியப்பட்டணத்தில்

கிரீடத்தைக் கொண்டு கொடுக்க அவள் கிளம்பியபோது, "நானும் வாறேன். அவியகிட்ட நான் சொல்லுகேன்" என்றேன்.

"எனக்காக நீ வந்து பேச வேண்டாம்" என்றாள். ஆனால் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.

கடற்கரையை ஒட்டிய வீடு. முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கடல் வெளிச்சம் அறைக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. பிலோமினா எங்களை உட்காரச் சொல்லி, சாயா கொடுத்தார். என் புருவத்தைப் பார்க்காதது போலப் பார்த்தார். துணியை நான் எடுத்திருந்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை, இரண்டு விரல் அகலத்துக்கு.

ஜெனிட்டா கிரீடத்தை வாங்க வந்தாள். வெடவெடவென்று உயரமான பெண். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்தாள். ஷீபா எழுந்து அவள் பக்கத்தில் போனாள். கிரீடத்தைச் சரி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கிரீடத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஓடிய மெல்லிய சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவளுக்கு முகத்துக்கு ஏதாவது போடுகீங்களா?"

"ஒண்ணும் போடல்ல பிள்ளே. தேங்காய் எண்ணெய்தான்" என்றார் பிலோமினா.

உடனே வந்தது அந்தப் பதில். கேள்வி முடியும் முன்பே தயாராக இருந்தது. எனக்கு அந்த வேகம் தெரியும். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள் நான். ஆனால் இதைக் கண்டுபிடிக்க அந்த அனுபவம் தேவைப்படவில்லை. எட்டு மாதப் பழக்கமே போதுமாக இருந்தது.

ஜெனிட்டா தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பிலோமினா" என்றேன். "இதப் பாருங்க." புருவத்தை வெளிச்சத்துக்குக் காட்டினேன். "இது எம் மோளுக்க கை பண்ணினதில்ல. எட்டு மாசமா ஒரு க்ரீம் போட்டேன். யாருக்கும் தெரியாம போட்டேன். அவ கேட்டா. நான் இல்லன்னுட்டேன். தேங்காய் எண்ணெய்னு சொன்னேன். அதான் தோலு உரிஞ்சது. இத எல்லாரும் அவ தப்புன்னு பேசினாவ. நான் கேட்டுட்டு இருந்தேன்."

வெளியே பந்தல்காரர்கள் கயிறு வீசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, எடுத்துட்டு வா" என்றார் பிலோமினா, மகளைப் பார்க்காமலே.

ஜெனிட்டா உள்ளே போய்க் கொண்டுவந்தது வேறு நிற ட்யூப். வேறு பெயர். ஷீபா வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கடைசி மருந்து அதேதான்.

"கல்யாணத்துக்குள்ள வெளுக்கணும்னுதான் டீச்சரம்மா" என்றார் பிலோமினா. "ஆறு மாசமா போடுகா. நான்தான் வாங்கிக் குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு யார்ட்டயும் சொல்லல்ல. நாளைக்குப் புருவம் எடுக்க வேற பொண்ணு வாறா. அவளும் போன்ல கேட்டா. இல்லன்னுதான் சொன்னேன்."

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்தது. கை வாய்க்குப் போனது.

ஜெனிட்டா அழத் தொடங்கினாள். "அக்கா, எனக்கும் இப்பிடி ஆயிருக்குமா? கல்யாணத்தன்னைக்கா?"

"அழாத மக்கா. கண்ணத் தொடைக்காத, தொடைக்காத, அழுத்தாத" என்று ஷீபா அவள் கையைப் பிடித்தாள். அப்போது பார்த்தேன், பத்து நாளில் முதல் தடவையாக அவள் இன்னொருத்தியின் முகத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோயிருந்தாள். "உனக்கு நூல் வேண்டாம். வாக்ஸ் வேண்டாம். அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி நான் சொல்லுகேன். இப்ப டாக்டர பாக்கணும். இத சட்டுன்னு நிறுத்தினா மொகம் சிவந்து எரியுமாம், எப்பிடி நிறுத்தணும்னு அவிய சொல்லுவாவ. புருவம் நான் சின்னக் கத்திரி வச்சு ஒதுக்கித் தாறேன். மீதிய பென்சில் பாத்துக்கிடும். ஃபோட்டோவில ஒருத்தருக்கும் தெரியாது."

"நீ வருவியா பிள்ளே?" என்றார் பிலோமினா.

"வாறேன்."

"நான் அன்னைக்கு அப்பிடிச் சொன்னதுக்கு..."

"அது செரி ஆன்ட்டி. யாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ."

என்னைப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் நானும் கேட்டேன்.

பஸ் வரும்வரை

ஊர் முகப்பில் பஸ்ஸுக்கு நின்றோம். மீன் வண்டிகள் போய் வந்து தார்ச்சாலையில் ஐஸ் தண்ணீர் கோடாகக் கிடந்தது. உப்புக் காற்று புது தோலில் பட்டுச் சுருக்கென்று எரிந்தது. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வெயில் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். சேலைத் தலைப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த இடம் நிறம் மாறியே இருந்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். முடி திரும்புமா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

ஷீபா தன் கைப்பையில் கத்திரி இருக்கிறதா என்று பார்த்தாள். மூடினாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, எனக்கு உன்மேல கோவம் இன்னும் தீரல்ல."

"தீர வேண்டாம் மக்கா."

"பிலோமினா ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டன்னா முடிஞ்சதுன்னு நெனச்சுக்காத. அவிய யாரோ. உனக்குத் தெரியாத வீடு. சபையில என்ன சொல்லுவ? ரெத்தினபாய் ஆன்ட்டி வந்து கேட்டா?"

"சொல்லுவேன்."

"என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்."

"உள்ளதுன்னா எது? வயசாயிட்டு, தோலு மெலிஞ்சுட்டுன்னு சொல்லுவ. அதுவும் உள்ளதுதானே." இப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு இப்ப சொல்லிக் காட்டு. அங்க சொல்லப்போறது மாதிரியே."

"இங்கயா?"

"இங்கதான்."

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தியின் காலடியில் மீன் வட்டி என்கிற ஓலைக்கூடை. அவர்கள் காதில் விழாதபடி, தலையைக் கொஞ்சம் குனிந்து சொல்லத் தொடங்கினேன். "நான் எட்டு மாசமா ஒரு க்ரீம் போட்டேன். எம் மோள் கேட்டப்போ..."

"காதில கேக்கல்ல" என்றாள் ஷீபா. "சத்தமா."

சேலைத் தலைப்பை விட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்கினேன். மீன் வட்டிக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.